கழித்தால் தெரியும் காந்தம்: எக்ஸ் கதிரில் காந்தப் படம் எடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

சித்திரையில் காவிரி வற்றிக் கிடக்கும்போது, பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். டெல்டாவில் வளர்ந்தவர்களில் இதைச் செய்யாதவர் குறைவு. காந்தத்தில் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் துகளை ‘இரும்புத் தூள்’ என்று தீப்பெட்டியில் சேர்த்து வைத்தோம். அது இரும்பு அல்ல. காந்தத்தில் அப்படி ஒட்டுவது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அதற்குள் இருக்கும் இரும்பு அணுக்களில் மூன்றில் ஒரு பங்கு, மற்ற இரண்டு பங்குக்கு எதிர்த்திசையில் காந்தத்தைத் திருப்பி வைத்திருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து, ஓர் எக்ஸ் கதிர் நிறமாலையில்.

கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பார்கள்: “அண்ணே, எக்ஸ் கதிர்ல எலும்பு தெரியும், படிகம் தெரியும். காந்தம் எப்படித் தெரியும்?” அவர்களுக்காகத்தான் இது. கோட்பாட்டைக் கொஞ்சமாகவும், கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்களை விரிவாகவும் எழுதுகிறேன்.

சாய்ந்த நெல்

கதிர் முற்றிய நேரத்தில் மழையும் காற்றும் அடித்தால் நெல் சாயும். ஒரு வயலில் கிழக்கே, வரப்பு தாண்டிய அடுத்த வயலில் மேற்கே, இன்னொன்றில் தெற்கே. மாலை வெயிலில் மேட்டில் நின்று பாருங்கள். சூரியனை நோக்கிச் சாய்ந்த வயல் ஒரு நிறம், அதற்கு முதுகு காட்டிச் சாய்ந்த வயல் வேறு நிறம், குறுக்கே சாய்ந்தது இரண்டுக்கும் நடுவில். எல்லாம் ஒரே நெல்தான். மாறியது திசை மட்டும்.

காந்தப் பொருளுக்குள்ளும் இப்படிப் பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பாத்தியும் ஒரு டொமைன்; நடுவில் உள்ள வரப்பு டொமைன் சுவர். சாதாரண எக்ஸ் கதிருக்கு இந்தத் திசை வேறுபாடு தெரியாது. வட்டமாகத் தளவிளைவுற்ற கதிருக்குத் தெரியும். அதன் மின்புலம் கதிர் போகும் வழியைச் சுற்றித் திருகாணி போலச் சுழன்றுகொண்டே போகும், வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ. சுவாமிமலைக்குப் பக்கத்தில் திருவலஞ்சுழி இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களை நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது இது. இரும்பு, கோபால்ட், நிக்கல் அணுவின் 2பி மட்டத்தில் இருக்கும் எலக்ட்ரானை எக்ஸ் கதிர் காலியாக உள்ள 3டி மட்டத்துக்கு ஏற்றுகிறது. வட்டக் கதிர் ஏற்றும் எலக்ட்ரான்களில் இரு தற்சுழற்சியும் (ஸ்பின்) சம பங்காக இருக்காது. அணு எக்ஸ் கதிரைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றலை விளிம்பு என்பார்கள்; 2பி மட்டம் இரண்டாகப் பிரிந்திருப்பதால் எல்3, எல்2 என்று இரண்டு விளிம்புகள். எல்3 விளிம்பில் 62.5 சதவீதம் ஒரு தற்சுழற்சி. எல்2 விளிம்பில் 75 சதவீதம் அதற்கு எதிரான தற்சுழற்சி. காந்தப் பொருளின் 3டி மட்டத்தில் காலி இடங்களும் இரு தற்சுழற்சிக்கும் சமமாக இல்லை. அதனால் வலஞ்சுழிக் கதிரை உறிஞ்சும் அளவும் இடஞ்சுழிக் கதிரை உறிஞ்சும் அளவும் வேறுபடுகின்றன. இதுதான் எக்ஸ் கதிர் காந்த வட்ட இருநிறமை; ஆங்கிலச் சுருக்கத்தில் எக்ஸ்எம்சிடி என்பார்கள். எர்ஸ்கினும் ஸ்டெர்னும் 1975-இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1987-இல் கிசெலா ஷூட்ஸ் குழுவினர் ஹாம்பர்க்கில் இரும்பில் அளந்து காட்டினார்கள். 1993-இல் ஷ்டோரும் கூட்டாளிகளும் இதை நுண்ணோக்கியோடு சேர்த்து டொமைன்களைப் படமாக்கினார்கள்.

நடைமுறையில் நினைவில் நிற்க வேண்டியது ஒன்று. காந்தப் படம் என்று தனியாக ஒரு படம் கிடையாது. வலஞ்சுழியில் ஒரு படம், இடஞ்சுழியில் ஒரு படம் எடுத்து, இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். அந்த ஈவுதான் படம். கொள்முதல் நிலையத்தில் சாக்கோடு நிறுத்துச் சாக்கு எடையைக் கழிப்பது மாதிரி. மேடு பள்ளம், தூசி, ஒளியின் ஏற்ற இறக்கம் எல்லாம் சாக்கு. கழித்த பிறகு மிஞ்சுவதில் காந்தத்தைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இனி நான் சொல்லும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

எந்தத் தனிமத்தின் காந்தத்தைப் பார்க்க வேண்டும்? இந்த முறையின் பெரிய பலமே தனிமத்தைத் தேர்ந்தெடுக்க முடிவதுதான். எல்3 விளிம்பு மாங்கனீசுக்குச் சுமார் 639 எலக்ட்ரான் வோல்ட், இரும்புக்கு 707, கோபால்ட்டுக்கு 778, நிக்கலுக்கு 853. எல்2 விளிம்புகள் அதே வரிசையில் 650, 720, 793, 870. கோபால்ட் அடுக்கின் மேல் இரும்பு அடுக்கு இருந்தால், ஆற்றலை மாற்றியே இரண்டையும் தனித்தனியாகப் படமெடுக்கலாம். சாதாரணக் காந்தமானிகளுக்கு இது முடியாது. அவை மொத்தத்தையும் கூட்டி ஓர் எண் தரும்.

காந்தம் படலத்தின் தளத்திலேயே படுத்திருக்கிறதா, செங்குத்தாக நிற்கிறதா? கதிரின் திசையோடு ஒத்துப்போகும் கூறு மட்டுமே படத்தில் தெரியும். குறுக்கே இருப்பது சாம்பல் நிறம்தான்; காந்தமே இல்லாத இடம் மாதிரி இருக்கும்.

படமெடுக்கும்போதே வெளிக் காந்தப்புலம் கொடுக்க வேண்டுமா? நீங்கள் பார்க்க வேண்டிய அடுக்கு மேலே இருக்கிறதா, புதைந்திருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை எழுதாமல் கருவியைத் தேடாதீர்கள். பெயர் பெற்ற கருவி என்பதற்காகப் போய், அங்கே தன் மாதிரிக்கு, அதாவது ஆய்வுக்குக் கொண்டுபோன துண்டுக்கு, வாய்ப்பே இல்லை என்று தெரிந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கருவி

பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது ஒளிஉமிழ்வு எலக்ட்ரான் நுண்ணோக்கி. சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘பீம்’ என்றே வரும். கற்றையையும் பீம் என்றுதான் சொல்கிறோம். இரவுப் பணியில் “பீம்ல பீம் இல்ல” என்று யாராவது சொன்னால் சிரிக்கக் கூடாது. குழப்பம் வேண்டாம் என்று இங்கே பீஈம் என்று எழுதுகிறேன். எக்ஸ் கதிர் பட்டதும் மாதிரியின் மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. மாதிரிக்கும் எதிரிலுள்ள வில்லைக்கும் நடுவே 10 முதல் 20 கிலோவோல்ட் வைத்து, அவற்றை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். மேலே உள்ள சில நானோமீட்டர் ஆழம் மட்டும் தெரியும். கதிர் சாய்வாக, பல கருவிகளில் 16 டிகிரியில், வந்து விழுகிறது. அதனால் படுத்திருக்கும் காந்தத்தின் கூறு 96 சதவீதம் கிடைக்கும். செங்குத்தானதற்கு 28 சதவீதம்தான். வெளிக் காந்தப்புலம் எலக்ட்ரான்களைத் தடம் மாற்றிவிடும் என்பதால் பெரிய புலம் கொடுக்க முடியாது.

இரண்டாவது ஊடுருவல் வகை, வருடி எடுக்கும் எக்ஸ் கதிர் நுண்ணோக்கி; ஆங்கிலச் சுருக்கம் எஸ்டிஎக்ஸ்எம். வட்ட வட்டமாகக் கோடு செதுக்கிய மண்டலத் தகடு என்ற வில்லை எக்ஸ் கதிரை 20, 30 நானோமீட்டர் அகலப் புள்ளியாகக் குவிக்கும். மாதிரியை அந்தப் புள்ளிக்கு முன்னால் நகர்த்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று புள்ளி புள்ளியாக எண்ணுவார்கள். உள்ளே போய் வெளியே வருவதும் ஒளிதான் என்பதால் காந்தப்புலம் தொந்தரவு செய்யாது. ஆனால் மாதிரி மெலிந்திருக்க வேண்டும். எல்3 விளிம்பில் இரும்பின் 20 நானோமீட்டர் தடிமனைத் தாண்டுவதற்குள்ளேயே கதிர் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். 40, 50 நானோமீட்டர் படலம் சரியாக இருக்கும். 200 என்று போனால் மறுபக்கம் இருட்டு. கதிர் நேராக விழும்போது செங்குத்துக் காந்தம் மட்டும் தெரியும். படுத்திருப்பதைப் பார்க்க மாதிரியை 30 டிகிரி சாய்த்தால் பாதி கூறு கிடைக்கும்.

வில்லையே இல்லாமல் எக்ஸ் கதிர் ஹாலோகிராம் வழியாகவும் டொமைன் படமெடுக்கலாம். பெர்லினில் 2004-இல் செய்து காட்டினார்கள். புதிதாக வருபவர் அதில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. மாதிரி தயாரிக்கவே ஓர் ஆண்டு போய்விடும்.

மாதிரி

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். சிங்க்ரோட்ரானில், அதாவது எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் நிலையத்தில், உட்கார்ந்து செய்வது மிச்சக் கால் பங்கு.

நம் ஊரில் முதல் எதிரி காற்றின் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடியே தண்ணீர் விடுகிறது. பத்து நானோமீட்டர் கோபால்ட் என்ன ஆகும்? நானே ஒருமுறை மேல்மூடி அடுக்கு போடாத கோபால்ட் படலத்தை அடைமழைக் காலத்தில் சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவில் மேசைமேல் வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து உறிஞ்சல் நிறமாலை எடுத்தால், எல்3 உச்சி ஒற்றையாக இல்லாமல் பல பல்லாகப் பிரிந்து நிற்கிறது. மேற்பரப்பு கோபால்ட் ஆக்சைடு. பீஈம் பார்ப்பதோ அந்த மேற்பரப்பை மட்டும்தான்! படலம் படிய வைக்கும் அறையிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே 2, 3 நானோமீட்டர் அலுமினியமோ பிளாட்டினமோ மேலே மூடிவிடுங்கள். 10 நானோமீட்டர் மூடினால் பாதுகாப்பு நன்றாக இருக்கும், எலக்ட்ரான்தான் வெளியே வராது. அதன்பின் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் வாட்டி மறுபடி போடுங்கள்; “இருக்கட்டும், அடுத்த வாரம்” என்று விடாதீர்கள்.

மின்கடத்தாப் பொருளில் எலக்ட்ரான் வெளியேற வெளியேற மின்னூட்டம் சேர்ந்து படம் நெளியும். அப்படிப்பட்ட அடித்தளமாக இருந்தால் மேற்பரப்பிலிருந்து மாதிரியைத் தாங்கும் பிடிப்பான் வரை உலோகப் பாதை போட வேண்டும். மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 20 கிலோவோல்ட் நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தூசி போதும், பொறி பறந்து நீங்கள் ஆறு மாதம் செய்த பகுதி கருகிப்போகும். கார்பன் ஒட்டுநாடா போட்டு ஒட்டும் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அது வாயு கக்கி வெற்றிடத்தைக் கெடுக்கும், அங்குள்ள விஞ்ஞானி முகமும் கெடும்.

எஸ்டிஎக்ஸ்எம் என்றால் சிலிக்கான் நைட்ரைடு ஜன்னலின் மேல் படலம் போட வேண்டும். 100 நானோமீட்டர் தடிமன் உள்ள இந்த ஜன்னலோடு ஒப்பிட்டால் அப்பளம் கருங்கல். சாமணத்தால் சட்டத்தின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பத்து மாதிரி வேண்டுமென்றால் பதினாறு செய்யுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முதல் முறை செய்வதில்லை, இரண்டாம் முறை எல்லோரும் செய்கிறார்கள். உங்கள் ஆய்வு மாதிரியின் ஓரத்திலேயே சோதனைச் சதுரங்கள் சிலவற்றைச் செதுக்கி வையுங்கள்: பெர்மலாய் (நிக்கல், இரும்புக் கலவை), 30 நானோமீட்டர் தடிமன், சில மைக்ரோமீட்டர் பக்கம். இந்தச் சதுரத்துக்குள் காந்தம் நான்கு முக்கோணமாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும். கதிர் ஒரு பக்கத்துக்கு இணையாக வந்தால் ஒரு முக்கோணம் வெள்ளை, எதிர் முக்கோணம் கறுப்பு, மற்ற இரண்டும் சாம்பல். இது தெரிந்துவிட்டால் கருவி சரி, ஆற்றல் சரி, கழித்தல் சரி. உங்கள் மாதிரியில் ஒன்றும் தெரியாதபோது தவறு யார் பக்கம் என்று இந்தச் சதுரம் சொல்லிவிடும். பக்கத்தில் எழுத்து, அம்புக்குறி என்று வழிகாட்டிக் குறிகளும் போடுங்கள். 5 மில்லிமீட்டர் துண்டில் 3 மைக்ரோமீட்டர் பொருளை நடுராத்திரியில் தேடுவது, அறுவடை முடிந்த வயலில் மூக்குத்தியைத் தேடுவது.

அப்படியானால் அந்தத் தீப்பெட்டி மணல்? அதை அப்படியே பீஈமில் வைக்க முடியாது, கரடுமுரடு. ஆனால் மேக்னடைட்டை மெல்லிய படலமாகவோ நானோ துகளாகவோ வைத்து, இரு சுழிகளிலும் நிறமாலை எடுத்துக் கழித்தால், இரும்பின் எல்3 விளிம்பில் கீழே, மேலே, கீழே என்று மூன்று உச்சிகள் வரும். நடுவில் எதிர்ப்பக்கம் நிற்பதுதான் நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு இரும்பு. சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் தங்கள் உடலுக்குள் மேக்னடைட் துகள்களை மாலை மாதிரி கோத்து வைத்திருக்கின்றன. அவற்றின் காந்தத்தை எஸ்டிஎக்ஸ்எம்மில் படமெடுத்திருக்கிறார்கள். முத்துப்பேட்டை அலையாத்திச் சேற்றை யாராவது இந்தக் கண்ணோடு தோண்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

விண்ணப்பம்

வட்டத் தளவிளைவோடு, ஆற்றலை மாற்றக்கூடிய, செறிவான எக்ஸ் கதிர் சிங்க்ரோட்ரானில்தான் கிடைக்கும். இந்தியாவில் இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தின் இண்டஸ்-2 இருக்கிறது, 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட், சுமார் 172 மீட்டர் சுற்றளவு. முதலில் இங்கே போய் மென் எக்ஸ் கதிர் உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். மாதிரி ஆக்சைடு ஆகியிருக்கிறதா என்று வெளிநாட்டில் போய்த் தெரிந்துகொள்வதைவிட இந்தூரில் தெரிந்துகொள்வது மலிவு. படமெடுக்க இத்தாலியின் டிரியஸ்டேயில் எலெட்ரா, பெர்லினில் பெஸி-2, இங்கிலாந்தில் டைமண்ட், பார்சிலோனா அருகே ஆல்பா, ஸ்வீடனில் மேக்ஸ்-4 என்று பல இடங்கள் உண்டு. முடிவுகளை வெளியிடும் ஆய்வுக்குக் கற்றை நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் கேட்பார்கள். இந்தியர்களின் பயணச் செலவுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

விண்ணப்பம் இரண்டு மூன்று பக்கம்தான். அதில் உங்கள் சொந்த ஊர்க் கருவிகளில் எடுத்த காந்தத் தயக்க வளையமும் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் மாறும் வரைபடம்), முடிந்தால் காந்த விசை நுண்ணோக்கிப் படமும் இருக்க வேண்டும். “இதை வேறெந்த வழியிலும் பார்க்க முடியாது, ஏனென்றால்…” என்ற ஒரு வாக்கியத்தை ஒழுங்காக எழுத முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அனுப்புவதற்கு முன் அந்தக் கற்றைத்தடத்தின் (கதிர் கருவிக்கு வந்து சேரும் பாதையின்) விஞ்ஞானிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கூச்சப்பட்டு எழுதாமல் இருப்பவர்களில் நம் பிள்ளைகள்தான் அதிகம். மாதிரியின் அளவு, பிடிப்பான், கொடுக்கக்கூடிய புலம் எல்லாவற்றையும் அவர்கள் முன்கூட்டிக் கேட்கத்தான் விரும்புகிறார்கள்.

மாதிரிகளைக் கைப்பையில் கொண்டுபோங்கள். விமான நிலைய எக்ஸ் கதிர் ஸ்கேனரால் காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. இரவுப் பணிக்கு ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றை வந்தபின்

நேரத்தை எட்டு மணி நேரப் பணிகளாகக் கொடுப்பார்கள். பதினைந்து, பதினெட்டு பணி கிடைத்தால் நல்ல ஒதுக்கீடு. முதல் பணியில் படமெடுக்க அவசரப்பட வேண்டாம். மாதிரியின் மேல் ஆற்றலை மெல்ல ஏற்றி நிறமாலை எடுங்கள். கருவி காட்டும் ஆற்றல் புத்தக மதிப்பிலிருந்து ஓரிரு எலக்ட்ரான் வோல்ட் தள்ளி இருக்கும். 778 என்று புத்தகத்தைப் பார்த்துப் போட்டுவிட்டு “கோபால்ட்டில் காந்தமே இல்லை” என்று பதறாதீர்கள். உச்சி 779-இல் இருக்கலாம். இரு சுழிகளிலும் நிறமாலை எடுத்து, வித்தியாசம் எங்கே அதிகமோ அங்கே நில்லுங்கள்.

பிறகு படம். என் முதல் வாய்ப்பில் நான் செய்த தவறு இங்கேதான். வலஞ்சுழியில் நூறு படத்தை வரிசையாக எடுத்து முடித்துவிட்டு, அப்புறம் இடஞ்சுழிக்கு மாற்றி நூறு எடுத்தேன். நடுவில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் மாதிரி வெப்பத்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கழித்துப் பார்த்தால் அற்புதமான சுவர்கள்! ஒவ்வொரு பொருளின் விளிம்பிலும் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, மறுபக்கம் கறுப்புக் கோடு. வழிகாட்டிக்குப் படம் அனுப்பி, டொமைன் சுவர் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதினேன். “எல்லா விளிம்பிலும் வெள்ளை ஒரே பக்கம் இருக்கிறதே, பார்த்தாயா?” என்று ஒரு வரி வந்தது. அது காந்தம் இல்லை, நகர்வு. செதுக்கிய படம் மாதிரி மேடிட்டுத் தெரிந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

சில படங்களுக்கு ஒருமுறை சுழியை மாற்றிக்கொண்டே போவதுதான் வழி. வலம், இடம், இடம், வலம் என்று எடுத்தால் மெல்ல நகரும் எதுவும் பெருமளவு அடிபட்டுப்போகும். ஒவ்வொரு படத்தின் வெளிப்பாடும் சில நொடிகள் போதும், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரு புள்ளியில் 10,000 எண்ணிக்கை சேர்ந்தால் இரைச்சல் ஒரு சதவீதம். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு எண்ண வேண்டும். உங்கள் காந்த வேறுபாடு சில சதவீதம்தான் என்றால், எத்தனை படம் வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.

இது காந்தம்தானா?

கழித்த படத்தில் கறுப்பு வெள்ளை தெரிகிறது. அதை நம்புவதற்கு முன் அதையே மறுக்கப் பாருங்கள். ஆற்றலை எல்2-வுக்கு மாற்றுங்கள். காந்தம் என்றால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் புரள வேண்டும். விளிம்புக்குப் பத்து எலக்ட்ரான் வோல்ட் கீழே இறங்குங்கள். எல்லாம் மறைய வேண்டும். படுத்திருக்கும் காந்தம் என்றால், மாதிரியை அதன் தளத்திலேயே 180 டிகிரி திருப்பினால் நிறம் புரள வேண்டும், 90 டிகிரி திருப்பினால் சதுரத்தில் சாம்பலாக இருந்த இரண்டு முக்கோணங்களும் எழுந்து நிற்க வேண்டும். கடைசிச் சோதனைக்கு நேரமாகும், மாதிரியை மறுபடி தேட வேண்டியிருக்கும், எல்லோரும் தவிர்ப்பார்கள். காந்தத்தின் திசையைப் பற்றி ஏதாவது எழுதப்போகிறீர்கள் என்றால் தவிர்க்காதீர்கள். ஒரு கோணத்துப் படத்தில் சாம்பலுக்கு இரண்டு அர்த்தம் உண்டு.

எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருளில் அடுத்தடுத்த அணுக்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் சுழியை மாற்றிப் பலன் இல்லை. நிக்கல் ஆக்சைடு போன்றவற்றுக்கு மின்புலம் சுழலாமல் ஒரே கோட்டில் ஆடும் நேர்கோட்டுத் தளவிளைவைக் கிடைமட்டம், செங்குத்து என்று மாற்றிக் கழிப்பார்கள். அதில் படிக அமைப்பாலும் வேறுபாடு வரும் என்பதால், சூடாக்கி, அந்தக் காந்த ஒழுங்கு குலையும் நீல் வெப்பநிலையைத் தாண்டியும் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

கணினியில்

ஃபிஜி என்ற இலவச மென்பொருள் போதும். பைத்தான் தெரிந்தால் இன்னும் நல்லது. வரிசையைக் காப்பாற்றுங்கள். முதலில் கதிர் இல்லாமல் எடுத்த கேமராவின் இருட்டுப் படத்தை ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். இதை விட்டால் வகுக்கும் எண் பெரிதாகி, காந்தம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அடுத்து, நகர்வைச் சரிசெய்து எல்லாப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துங்கள். மாறாத ஒரு குறியை, அந்த அம்புக்குறியை, பிடித்துக்கொண்டு பொருத்தினால் பிசகாது. பிறகு ஒவ்வொரு சுழிக்கும் தனித்தனிச் சராசரி. கடைசியில்தான் கழித்து வகுப்பது. நிற அட்டவணையில் பூச்சியம் நடுச் சாம்பலில் நிற்கட்டும். மென்பொருள் தானாக நீட்டிக் கொடுக்கும் பளிச்சென்ற படத்தில் பூச்சியம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஒவ்வொரு படக் கோப்பின் எண்ணோடு ஆற்றல், சுழி, மாதிரியின் கோணம், கடைசியாகக் கொடுத்த புலம் ஆகியவற்றை நோட்டில் கையால் எழுதுங்கள். கணினி பதிகிறதே என்று விடாதீர்கள். மாதிரியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கிளம்பும் முன் தரவை இரண்டு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, ஒன்றை நீங்களும் மற்றதைக் கூட வந்தவரும் வேறு வேறு பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிகளைத் திரும்ப டெசிகேட்டரில் வையுங்கள். கட்டுரையைப் பார்க்கும் நடுவர் எட்டு மாதம் கழித்து எல்2 படம் எங்கே என்று கேட்பார்.